நாடக வழக்கும் கூட்டு ஒளிப்படமும்: ஹென்றி பீச் ராபின்சனின் 'மங்கி மறைதல்' படத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தனித்தனியே எடுக்கப்பட்ட நெகட்டிவ்களை ஒரே தாளில் அச்சிட்டு ஒரு காட்சியாக்கும் கூட்டு ஒளிப்படமுறை 1850களில் பிரான்சிலும் இங்கிலாந்திலும் வளர்ந்தது. அதன் நம்பகத்தன்மை பெரும்பாலும் இணைப்புத் தெரிகிறதா இல்லையா என்னும் அளவில் நின்றே மதிப்பிடப்பட்டு வந்துள்ளது. ரெய்லாண்டர், ராபின்சன் ஆகிய இருவரின் படங்களை ஒப்பிடும் இக்கட்டுரை, படம் தன்னை எந்த வழக்கில் வைத்துக் காட்டுகிறது என்பதே அதன் நம்பகத்தைத் தீர்மானிக்கிறது என வாதிடுகிறது. இதற்குத் தொல்காப்பியம் கூறும் நாடக வழக்கு, உலகியல் வழக்கு ஆகிய கருத்துகளைத் திறனாய்வுக் கருவிகளாகக் கொள்கிறது.

திறவுச் சொற்கள்: கூட்டு ஒளிப்படம், ராபின்சன், ரெய்லாண்டர், நாடக வழக்கு, உலகியல் வழக்கு, புலனெறி வழக்கம்

இறக்கும் பெண்ணும் ஐந்து நெகட்டிவ்களும்

ஹென்றி பீச் ராபின்சன் 1858-இல் வெளியிட்ட 'மங்கி மறைதல்' என்னும் படத்தில், நோயுற்ற இளம்பெண் ஒருத்தி தலையணையில் சாய்ந்து கிடக்கிறாள். ஒரு பெண் அவள்மீது கவிந்து நோக்குகிறாள். முதியவள் ஒருத்தி அருகில் அமர்ந்திருக்கிறாள். பின்புறத்தில் ஓர் ஆண் அறைக்கு முதுகு காட்டிச் சாளரத்தின் வழியே வானத்தைப் பார்த்து நிற்கிறான். அவன் தந்தையா காதலனா என்பதைப் படம் சொல்வதில்லை. முகம் காட்டாத அவனிடத்தில்தான் துயரம் மிகுதியாக இருப்பதாகப் பார்வையாளர்க்குத் தோன்றும்.

இப்படம் ஐந்து நெகட்டிவ்களிலிருந்து ஆக்கப்பட்டது. படுத்திருக்கும் பெண்ணாக அமர்ந்தவள் நோயாளியும் அல்லள். நல்ல உடல்நலத்துடன் இருந்த ஏறத்தாழ 14 வயதுச் சிறுமியை மரணத்திற்கு எவ்வளவு அண்மையில் கொண்டு சென்று காட்ட முடியும் என்று பார்ப்பதே முயற்சியின் நோக்கமாக இருந்தது என ராபின்சனே பின்னாளில் பதிவு செய்துள்ளார். அவளை மட்டும் வைத்து 1857-இல் எடுத்த முன்னோட்டப் படமும் உண்டு. அறை, சாளரம், சூழ்ந்து நிற்போர் ஆகிய அனைத்தும் அதன் பிறகு வந்து சேர்ந்தவை.

வெளியான காலத்தில் இப்படம் கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. மரணப் படுக்கையை ஒளிப்படமாக்குவது பண்பற்றது, பிறர் துயரத்திற்குள் எட்டிப் பார்ப்பது என்பவை முதன்மையான குற்றச்சாட்டுகள். இதைவிடத் துயரமான காட்சிகளை அக்கால ஓவியர்கள் தீட்டியபோது அத்தகைய கண்டனம் எழவில்லை. 1860-இல் ராபின்சன் பல நெகட்டிவ்களை இணைத்து அச்சிடும் தம் முறையை ஒளிப்படச் சங்கமொன்றில் விளக்கிய பின், எதிர்ப்பு முறையின் மீதும் திரும்பியது. இவ்விரு கண்டனங்களும் ஒன்றையொன்று மறுப்பவை. முதலாவது, படம் மிகவும் உண்மையாக இருக்கிறது என்று குறைகூறுகிறது. இரண்டாவது, அது உண்மையாக இல்லை என்று குறைகூறுகிறது. ஒரே படம் இரண்டுக்கும் எவ்வாறு ஆளாயிற்று என்பதை ஆராய, முதலில் அம்முறை தோன்றிய தேவையைக் காண வேண்டும்.

பிரித்தெடுக்க வேண்டியிருந்த காரணம்

பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851-இல் வெளியிட்ட ஈரக் கொல்லோடியன் முறை, கண்ணாடித் தகட்டில் நுட்பமான விவரங்களுடன் நெகட்டிவைத் தந்தது. ஆயினும் அத்தகடு நீல ஒளியை மிகுதியாகவும் பச்சையையும் சிவப்பையும் மிகக் குறைவாகவும் உணர்ந்தது. ஆகவே நிலமும் மரமும் பதிவதற்குத் தேவையான நேரம் தகட்டைத் திறந்து வைத்தால், வானம் மிகைப்பதிவாகி வெறும் வெண்பரப்பாயிற்று. மேகத்திற்கு அளவாகத் திறந்தால் நிலம் கருமையில் மூழ்கியது. மேகத்துக்கென ஒரு தகடு, நிலத்துக்கென ஒரு தகடு என எடுத்து இணைத்து அச்சிடும் யோசனையை ஹிப்போலித் பாயார் 1852-இல் முன்வைத்தார். குஸ்தாவ் லெ கிரே 1856, 1857 ஆண்டுகளில் எடுத்த கடற்படங்கள் பலவற்றில் இம்முறை பயன்பட்டது. கடலும் வானும் தனித்தனித் தகடுகளில் பதிந்து அடிவானக் கோட்டில் சந்தித்தன. ஒரே மேகத் தகட்டை அவர் ஒன்றுக்கு மேற்பட்ட கடல்களுக்கு மேலே அச்சிட்டதும் உண்டு. அப்படங்களை வாங்கி மகிழ்ந்தவர்களுக்கு அதனால் மகிழ்ச்சி குன்றியதாகத் தெரியவில்லை.

மனிதர்களைக் கூட்டமாக எடுப்பதில் வேறொரு சிக்கல் இருந்தது. பதிவு நேரத்தைக் குறைக்கக் கண்ணாடி வில்லையின் துளையை அகலமாகத் திறக்க வேண்டும். அப்போது ஒரு குறிப்பிட்ட தொலைவில் உள்ளவை மட்டுமே தெளிவாக விழும். முன்னும் பின்னும் நிற்போர் மங்குவர். எல்லா உருவங்களும் தெளிவாக அமைய வேண்டுமெனில் ஒவ்வொரு குழுவையும் தனித்தனியே எடுப்பதே எளிது. ஆஸ்கார் குஸ்தாவ் ரெய்லாண்டர் தம் முறைக்குக் கூறிய காரணங்களுள் இதுவும் ஒன்று.

அச்சிடும் வேலைதான் கடினமானது. அக்காலத்தில் முட்டை வெண்கரு பூசிய ஆல்புமின் தாளின்மேல் நெகட்டிவை நேரே வைத்து வெயிலில் காட்டி அச்சிட்டனர். உருவம் தாளில் சிறிது சிறிதாகத் தோன்றுவதைக் கண்ணால் கண்டு நிறுத்தலாம். கூட்டு அச்சில் ஒரு பகுதி அச்சாகும்போது தாளின் எஞ்சிய பகுதி முழுவதும் கருப்புத் துணியாலோ தாளாலோ மூடப்பட்டிருக்கும். பின் அடுத்த நெகட்டிவ், அடுத்த மூடல். பெருக்கி அச்சிடும் வழி இல்லாததால், நெகட்டிவில் உருவம் எந்த அளவில் விழுந்ததோ அதே அளவில்தான் தாளிலும் விழும். எனவே தொலைவில் நிற்பவராகத் தோன்ற வேண்டியவரைக் கேமராவிலிருந்து உரிய தொலைவில் நிறுத்தியே எடுத்தாக வேண்டும். இணைப்பின் கணக்கு முழுவதும் படமெடுப்பதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். கணினியில் அளவையும் நிறத்தையும் பின்னர்த் திருத்திக்கொள்ளப் பழகியவர்க்கு இம்முன்திட்டத்தின் கடுமை எளிதில் புலப்படாது.

ரெய்லாண்டரின் மேடை

ரெய்லாண்டர் சுவீடனில் பிறந்து இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனில் தொழில் நடத்தியவர். அவருடைய 'வாழ்வின் இரு வழிகள்' 1857-இல் மான்செஸ்டர் கலைச்செல்வக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. 30-க்கும் மேற்பட்ட நெகட்டிவ்கள். ஏறத்தாழ 31 அங்குல அகலம். ஆறு வாரகால உழைப்பு. நடுவில் முதியவர் ஒருவர் இரண்டு இளைஞர்களை வாழ்க்கைக்குள் அழைத்து வருகிறார். ஒரு பக்கம் சூதும் குடியும் காமமும். மறுபக்கம் பக்தியும் கல்வியும் உழைப்பும். ரபேலின் 'ஏதென்ஸ் பள்ளி' ஓவியத்தின் அமைப்பு அதில் தெளிவாகத் தெரியும். விக்டோரியா அரசியார் ஒரு பிரதியை வாங்கினார். ஸ்காட்லாந்து ஒளிப்படச் சங்கமோ ஆடையற்ற உருவங்களைக் காரணம் காட்டிக் காட்சிக்கு ஏற்க மறுத்தது.

தொழில்நுட்பத்தில் இது வியப்புக்குரிய சாதனை. ஆனால் இக்காட்சி எங்கோ ஓரிடத்தில் ஒருநாள் நிகழ்ந்தது என்று எந்தப் பார்வையாளரும் எண்ணப்போவதில்லை. எண்ண வேண்டும் என்று படமும் கேட்கவில்லை. திரைகளும் வளைவுகளும் கொண்ட மேடையில் உருவங்கள் ஒவ்வொன்றும் ஒரு குணத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. ஒருவரையொருவர் பார்க்க வேண்டிய இடத்திலும் அவர்கள் தத்தம் நெகட்டிவுக்குள் தனித்தே இருக்கின்றனர். தம் முறையை ரெய்லாண்டர் 1858 ஏப்ரலில் லண்டன் ஒளிப்படச் சங்கத்தில் கட்டுரையாகவே வாசித்து விளக்கினார். மறைப்பதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. எனினும் தொடர்ந்த குறைகூறலால் அவர் சலிப்புற்றார். கூட்டுப் படங்களால் ஊதியமும் இல்லை, மதிப்பும் இல்லை என்னும் பொருள்பட 1859-இல் ராபின்சனுக்கு எழுதினார்.

விளிம்பும் ஒளியும்

ராபின்சன் செய்தது வேறு. அவர் மேடையை விட்டு வீட்டுக்குள் வந்தார். முப்பதுக்குப் பதில் ஐந்து நெகட்டிவ் போதுமாயிற்று. இணைப்புகளை அவர் பொருள்கள் தாமாகவே முடியும் விளிம்புகளில் வைத்தார்: ஆடையின் ஓரம், திரையின் மடிப்பு, இருக்கையின் முதுகு. கண் அங்கே ஒரு கோட்டை எதிர்பார்த்தே வருவதால், வெட்டிய கோடு அக்கோட்டில் கரைந்துவிடுகிறது. இலக்கணப் பயிற்சியுள்ளவர் இதனை இயல்புப் புணர்ச்சியோடு ஒப்பிடக்கூடும். நிலைமொழி ஈறும் வருமொழி முதலும் மாற்றமின்றிப் பொருந்துமிடம் பார்த்துச் சேர்த்தல் அது. விளிம்பற்ற பரப்பில், கன்னத்தின் நடுவிலோ வெறும் சுவரிலோ சேர்ப்பதானால் தோன்றலும் திரிதலும் கெடுதலும் வேண்டியிருக்கும்; ஈரக் கொல்லோடியனில் அதற்கு வசதி குறைவு.

ஆனால் ஒளியை நோக்கினால் நிலைமை மாறுகிறது. 'மங்கி மறைதல்' படத்தில் கண்ணுக்குத் தெரியும் ஒரே ஒளிவாயில் பின்புறச் சாளரம். அறைக்குள் அதன் ஒளி மட்டுமே வருவதானால், பார்வையாளரை நோக்கியுள்ள பெண்ணின் முகமும் அவள் தலையணையும் நிழலில் ஆழ்ந்திருக்க வேண்டும். சாளரத்தருகே நிற்கும் ஆண் அவ்வாறே கருநிழலாகத் தெரிகிறான். பெண்ணோ வெளிச்சத்தில் இருக்கிறாள். தலையணை படத்திலேயே மிக வெண்மையான பரப்புகளுள் ஒன்று. அவ்வொளி ராபின்சனின் ஸ்டுடியோ ஒளி. சாளரத்திற்கும் அதற்கும் தொடர்பில்லை. சட்டகத்துக்கு வெளியே இன்னொரு சாளரம் இருக்கலாமே என்று வாதிடலாம். அவ்வாறு வாதிடப் பார்வையாளர் முன்வருவதே கவனிக்கத்தக்கது. ரெய்லாண்டரின் படத்தில் ஒளி எங்கிருந்து வருகிறது என்று எவரும் கேட்பதில்லை. மேடையில் நடப்பதை ஏற்றுக்கொண்டவர்க்கு அக்கேள்வி எழாது.

ஒளி முரண்பாட்டை மனிதக் கண் எளிதில் பிடிப்பதில்லை என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. ஆஸ்ட்ரோவ்ஸ்கி, கவானா, சின்ஹா ஆகியோர் 2005-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு காட்சியில் ஒரு பொருள் மட்டும் வேறு திசையிலிருந்து ஒளி பெறுவதைப் பார்வையாளர் பெரும்பாலும் கவனிக்கத் தவறுகின்றனர் எனக் காட்டியது. இதனால்தான் டிஜிட்டல் படங்களைச் சோதிப்போர் கண்ணை நம்பாமல் வடிவியலை நாடுகின்றனர். நிழலின் ஒரு புள்ளியிலிருந்து அதனை உண்டாக்கிய பொருளின் புள்ளி வழியாகக் கோடு இழுத்தால், ஒரே விளக்கின்கீழ் எடுத்த படத்தில் அத்தகைய கோடுகள் அனைத்தும் அவ்விளக்கின் இடத்தில் சந்திக்க வேண்டும். சந்திக்காவிடின் ஏதோ ஒன்று வெளியிலிருந்து வந்தது.

ஆகவே, இணைப்பு மறைந்தமையாலோ ஒளி பொருந்தியமையாலோ மட்டும் ராபின்சனின் படம் நம்பகம் பெறவில்லை. ரெய்லாண்டரின் இணைப்புகளும் போற்றப்பட்டவையே. அவர் படம் நம்பப்படவில்லை. ராபின்சனின் ஒளி பொருந்தாதது. அவர் படம் நம்பப்பட்டது.

இரு வழக்குகள்

தொல்காப்பிய அகத்திணையியல், நாடக வழக்கையும் உலகியல் வழக்கையும் சேர்த்துப் பாடலுக்குரிய புலனெறி வழக்கத்தை வகுக்கிறது. நாடக வழக்கை விளக்கும் இளம்பூரணர், சுவை பயக்கும் நிகழ்ச்சிகள் பலவும் ஒரே இடத்தில் நேர்ந்தனபோல ஒருங்கு திரட்டிக் கூறுதல் என்னும் கருத்தைத் தருகிறார். உலகியல் வழக்கு, உலகத்தார் ஒழுகும் ஒழுக்கத்தோடு பொருந்தி வருவது. வெவ்வேறு வேளைகளில் வெவ்வேறு இடங்களில் நிகழக்கூடியவற்றை ஒரே இடத்தில் நிகழ்ந்தனவாக அமைத்தல் என்னும் இவ்விளக்கம், கூட்டு ஒளிப்படத்தின் இலக்கணமாகவே நிற்கத் தக்கது. உரையாசிரியர் நினைத்தது அகப்பாடலை என்பதில் ஐயமில்லை. ஆயினும் திரட்டுதல் என்னும் செயலைப் பொய்யெனக் கருதாமல் ஒரு வழக்கெனக் கருதியது அவர் சிந்தனையின் வலிமை. விக்டோரியா காலத் திறனாய்வாளர்களிடம் இல்லாத சொல் இதுவே.

இவ்வளவையில் ரெய்லாண்டரின் படம் முழுதும் நாடக வழக்கில் நிற்கிறது. ராபின்சனின் படம் நாடக வழக்கில் திரட்டப்பட்டு உலகியல் வழக்கில் உடுத்தப்பட்டது. தலையணையும் சாளரமும் முதியவளின் இருப்பும் எந்த வீட்டிலும் காணக்கூடியவை. ஐவகைத் துண்டுகள் திரண்ட தடயத்தை அவை மூடிவிடுகின்றன. ராபின்சன் தம் 'ஒளிப்படத்தில் ஓவியப் பயன்' (1869) என்னும் நூலில், மெய்யும் செயற்கையும் கலந்தே அழகிய படங்கள் ஆக்கலாம் என்று வெளிப்படையாகக் கூறினார். கூட்டு அச்சு இயற்கையின் உண்மையைக் காட்டக் கூடுதல் உரிமை தருகிறது, அதே அளவு தவறாகப் பயன்படுத்தவும் இடம் தருகிறது என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார். இரு வழக்கும் கலந்த புலனெறிக்கு ஒளிப்படத்தில் இடம் கேட்டவர் அவர் எனலாம். அவர்மீது எழுந்த இரு முரண்பட்ட கண்டனங்களும் இக்கலப்பைப் பிரித்தறியாமையால் வந்தவை. உலகியல் உடையைக் கண்டவர் இது பிறர் வீட்டுத் துயரம் என்று கூசினர். நாடக உடலை அறிந்தவர் இது மோசடி என்று சினந்தனர்.

அணியிலக்கணத்தின் இல்பொருள் உவமையைக் கொண்டும் கூட்டுப் படத்தை விளக்க முயலலாம். உறுப்புகள் உலகில் உள்ளவை, சேர்க்கை இல்லாதது. ஆனால் ஒப்புமை அவ்வளவில் நின்றுவிடுகிறது. இல்பொருள் உவமை உவம உருபினாலோ தொடரமைப்பினாலோ தன்னை அறிவித்துக்கொண்டே வரும். ஒளிப்படத்தில் 'போல' என்னும் சொல்லுக்கு இடமில்லை. அங்குள்ள அனைத்தும் 'இருந்தது' என்றே பேசுகின்றன.

எமர்சனின் தடை

வலுவான எதிர்வாதமும் இங்கிருந்தே எழுகிறது. பீட்டர் ஹென்றி எமர்சன் 1889-இல் வெளியிட்ட 'இயல்புநெறி ஒளிப்படக்கலை' நூலில் ராபின்சனின் மரபைக் கடுமையாகத் தாக்கினார். இயற்கையைக் கண் காண்பதுபோலக் காட்டுவதே ஒளிப்படத்தின் கடன் என்பது அவர் நிலை. சிறிது காலத்திலேயே அந்நூலின் கொள்கையை அவரே கைவிட்டு, அதன் மரணத்தை அறிவிக்கும் சிறுநூலையும் வெளியிட்டார் என்பது வேறு. அவருடைய தடையை இவ்வாறு விரித்துக் கூறலாம்: அகப்பாடலைக் கேட்பவர் அது பாடல் என்று அறிந்தே கேட்கிறார், திணையும் துறையும் மரபும் அதனைச் சொல்லிவிடுகின்றன. ஒளிப்படத்தைப் பார்ப்பவருக்கு அவ்வாறு யார் சொன்னார்?

இத்தடைக்கு முழுமையான விடை ராபின்சனிடம் இல்லை. படத்தின் தலைப்பும் கண்காட்சிச் சுவரும் ஓரளவு சொல்லின. போதிய அளவு சொல்லவில்லை. எங்கே எந்த வழக்கு செல்லும் என்பது படத்துக்குள் மட்டும் முடிவாவதில்லை, படம் வைக்கப்படும் இடமும் அதனை முடிவு செய்கிறது. 2003-இல் ஈராக் போரின்போது பாஸ்ராவுக்கு அருகே எடுத்த இரு படங்களை அவற்றின் ஒளிப்படக்காரர் ஒன்றாக்கி அனுப்ப, லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் மார்ச் 31 அன்று முதற்பக்கத்தில் வெளியிட்டது. கையை நீட்டி எச்சரிக்கும் பிரிட்டிஷ் வீரன் ஒரு படத்திலிருந்தும், குழந்தையை ஏந்தி வரும் மனிதர் மற்றொன்றிலிருந்தும் வந்தனர். சில நொடி இடைவெளியில் ஒரே இடத்தில், ஒரே வெயிலில் எடுக்கப்பட்டதால் ஒளி முரண் இல்லை. பின்னணியில் அமர்ந்திருந்த மக்களுள் சிலர் இருமுறை தோன்றியதே காட்டிக்கொடுத்தது. அவ்வொளிப்படக்காரர் பணிநீக்கம் செய்யப்பட்டார். ராபின்சனின் படத்தைவிட இதில் திரட்டல் மிகக் குறைவு, ஐந்துக்கு இரண்டு. ஆயினும் இதனை நாடக வழக்கென்று காக்க இயலாது. செய்தித்தாளின் முதற்பக்கம் உலகியல் ஒன்றையே ஏற்கும் களம். அங்கே சாட்சி சொல்ல அழைக்கப்பட்ட படம் பாடல் பாடியது. நெகட்டிவ்களின் எண்ணிக்கையைக் கொண்டோ இணைப்பின் தூய்மையைக் கொண்டோ இவ்வேறுபாட்டை விளக்க முடியாது. 'ஒட்டு வேலை' என்னும் ஒரே இகழ்ச்சிச் சொல்லால் இரண்டையும் தள்ளிவிடும் போக்கு, கலைப்படத்திற்கு அநீதி இழைக்கிறது. செய்திப்படத்தின் குற்றத்தையும் வெறும் கைத்திறக் குறைபாடாகச் சுருக்கிவிடுகிறது.

விளிம்பற்ற வெளி

ராபின்சனின் அறையில் திரைகளும் இருக்கைகளும் விளிம்புகளைத் தந்தன. அவ்வசதி இல்லாத திறந்த வெளியில் கனடாவின் ஜெஃப் வால் 1993-இல் 'திடீர்க் காற்று' என்னும் படத்தை அமைத்தார். ஹொகுசாயின் புகழ்பெற்ற ஃபூஜி மலை வரிசையில் எஜிரி என்னும் இடத்தைக் காட்டும் மரச்செதுக்கு அச்சுப்படம் அதன் மூலம். வழிப்போக்கர் மீது காற்று மோத, தாள்கள் வானில் பறக்கின்றன. வால் அதனை வான்கூவருக்கு வெளியே உள்ள சமவெளிக்குக் கொண்டுவந்து, 100-க்கும் மேற்பட்ட படங்களைக் கணினியில் இணைத்து, பின்னொளியூட்டிய பெட்டியில் ஏறத்தாழ 4 மீட்டர் அகலத்தில் வைத்தார்.

அவருடைய தேர்வுகளுள் கவனத்திற்குரியது ஒன்று. மேகமூட்டமான ஒத்த வானிலை அமையும் நாள்களுக்காக மாதக்கணக்கில் காத்திருந்து அவர் படமெடுத்தார். ராபின்சன் விட்டுவிட்ட ஒளிப்பொருத்தத்தை வால் முழுமையாக மேற்கொண்டார். உலகியல் வழக்கின் சிறு விவரம்கூடப் பிசகவில்லை: சேற்று நிறம், மரத்தின் வளைவு, காற்றில் முறுக்கிய ஆடை. அத்துடன் தலைப்பிலேயே ஹொகுசாயின் பெயரைச் சேர்த்து, இக்காட்சி வேறொரு படத்தின் வழிவந்தது என்று அறிவித்தும் விட்டார். ஒளிப்படத்தில் இல்லாத 'போல' அங்கே தலைப்பில் வந்து அமர்கிறது. ஹொகுசாயின் படத்தில் ஒற்றைக் கோடாக நின்ற ஃபூஜி மலை வாலின் சமவெளியில் இல்லை. ஒன்றுக்கொன்று அறியாத நாள்களில் எடுக்கப்பட்ட தாள்கள், மலை நின்றிருக்க வேண்டிய வானத்தில் பறக்கின்றன.